கராஜ் கதவை இறக்கிவிட்டுப் பொரித்த வான்கோழி

அன்று கராஜுக்குள் நின்றவர்கள் அப்பா, அம்மா, வீட்டுக்கார அங்கிள், நான். நிற்காதவர்கள் வீட்டுக்கார அன்ரியும் என் தங்கச்சியும். அவர்கள் இருவரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அங்கே இல்லாத அன்ரிக்குப் பயந்துதான் அங்கே நின்ற நாங்கள் எல்லாவற்றையும் செய்தோம். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரூஜ் பக்கத்திலும் ஸ்காபரோவிலும் யாரோ ஒருவருடைய வீட்டுக்குக் கீழே வளர்ந்த என் வயதுக்காரருக்காக இதை எழுதுகிறேன். எங்களில் கொஞ்சப் பேருக்கு இப்போது சொந்த வீடும் பின்வளவும் வந்துவிட்டன. ஒக்டோபர் பிறந்தால் முழு வான்கோழியை எண்ணெய்க்குள் இறக்கிப் பொரிக்கிற வீடியோக்களை ஆளுக்காள் அனுப்புகிறீர்கள். போன கிழமையும் ஒருவன் அனுப்பினான். பலகை அடித்த டெக்கின் மேல் அடுப்பு, அதற்கு மேலே வீட்டுத் தாழ்வாரம், பக்கத்தில் மூக்கொழுகிக்கொண்டு ஒரு குழந்தை. என்னால் அதை முடிவு வரைக்கும் பார்க்க முடியவில்லை. பொரிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் பொரிக்கிறவன்தான், வருடா வருடம். தோல் மொறுமொறுத்து, உள்ளே சாறு வற்றாமல், அந்த ருசிக்கு ஓவனில் வைத்தது கிட்டவும் வராது. எப்படிப் பொரிக்கக்கூடாது என்பதைக் கண்ணால் கண்டவன் என்ற ஒரே தகுதியில்தான் பேசுகிறேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. அந்த வீட்டின் பேஸ்மென்டுக்கு வந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. அது எங்களுக்குப் பெரிய விஷயம். அதற்கு முதல் இருந்த வீடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காகக் கைவிட்டுப் போயின. ஒருவர் வீட்டை விற்றார், ஒருவருக்கு மருமகன் வந்தார், ஒருவருக்கு எங்கள் மீன்குழம்பு மணம் பிடிக்கவில்லை. வீடு போகிறபோதெல்லாம் பள்ளிக்கூடமும் போனது. அப்பா ஊரில் எழுத்துக் கூட்டப் பழகுகிற வயதிலேயே நின்றவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. இடம்பெயர்ந்து ஓடிய வருடங்களில் பள்ளிக்கூடம் என்பது அவவுக்குப் படுத்துறங்கிய கட்டடம், அவ்வளவுதான். ஒரு வகுப்பை முடித்து அடுத்த வகுப்புக்கு அதே பள்ளிக்கூட வாசலால் போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான்தான். அப்பா அதைத் தொழிற்சாலையில் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். "உவனை இனி இதில இருந்து கிளப்பக்கூடாது" என்று அம்மாவிடம் சொல்லுவார், ஏதோ நான் ஒரு கதிரையில் இருப்பது மாதிரி.

அந்த பேஸ்மென்டுக்கு ஒரு படிக்கட்டு. அது மேலே குசினிக்குப் பக்கத்தில், கராஜுக்குப் போகிற கதவடியில் ஏறும். வெளியே போக வேறு வழி இல்லை. என் கட்டிலுக்கு மேலே, முகட்டோடு ஒட்டிக்கொண்டு, ஒரு சின்ன ஜன்னல் கண்ணாடி இருந்தது. திறக்காது. அதற்குள்ளால் அங்கிளின் காரின் பின்சில்லு தெரியும். சமைக்க இரண்டு தட்டு மின்சார அடுப்பு. ஓவன் கிடையாது.

அங்கிள் எங்களுக்குச் சொல்லிவைத்தது ஒரு விஷயம்: யாராவது அதிகாரிமாதிரி வந்து கேட்டால், விருந்துக்கு வந்த சொந்தக்காரர் என்று சொல்ல வேண்டும். பேஸ்மென்ட் நகரசபையில் பதியாதது. அன்ரி சொல்லிவைத்தது வேறொன்று. அவ நவராத்திரிக்குக் கும்பம் வைப்பா. ஒன்பது நாளும் அந்தக் கூரைக்குக் கீழே இறைச்சி, மீன், முட்டை ஒன்றும் வரக்கூடாது, மேலேயும் சரி கீழேயும் சரி. அன்ரி குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவ சொன்னால் அங்கிளே ரி.வி.யின் சத்தத்தைக் குறைப்பார். நாங்கள் எம்மாத்திரம்.

வில்லங்கம் பஸ்ஸில் வந்தது. தாங்க்ஸ்கிவிங்குக்காக அப்பாவின் தொழிற்சாலையில் ஆளுக்கொரு உறைந்த வான்கோழி கொடுத்தார்கள். அந்த வருடம் அது நவராத்திரிக்குள் விழுந்துவிட்டது. அப்பா அதை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்து, வாசலில் நின்றார். கை விறைத்துப்போய், பிடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல். உள்ளே கொண்டுபோக முடியாது. எறியவும் மனம் வரவில்லை. பசி கண்ட மனிதர், சாப்பாட்டை எறிந்து நான் பார்த்ததே இல்லை. யாருக்காவது கொடுப்போமென்றால் அந்தத் தெருவில் முக்கால்வாசி எங்கள் ஆட்கள், எல்லாரும் விரதம்.

அப்படி நிற்கையில்தான் குப்பைத்தொட்டி உருட்ட வந்த அங்கிள் கண்டார். வான்கோழியைக் கண்டதும் அந்த முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கத்தரிக்காயும் பருப்புமாகப் போன நாட்கள் அவரை வாட்டியிருந்தன. அது மட்டும் இல்லை. வான்கோழி பொரிக்கிறதற்கென்றே விற்கிற உயரமான அலுமினியப் பானையையும் மூன்றுகால் அடுப்பையும் எப்போதோ மலிவு விற்பனையில் வாங்கி, அன்ரிக்குக் காட்டாமல் குளிர்கால ரயர்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். கோயில் திருவிழாக்களில் வடைச்சட்டிக்குப் பொறுப்பாக நிற்கிறவர் அவர். எண்ணெய் என்றால் தன்னிடம்தான் கேட்க வேண்டும் என்ற நினைப்பு.

அப்பா இழுத்திழுத்துப் பார்த்தார். அன்ரியை அவர் அக்கா என்பார். அக்காவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அண்ணை, என்றார். தாங்க்ஸ்கிவிங் லீவு, திங்கட்கிழமை காலமை கோயிலுக்குப் போனால் அவ பின்னேரம்தான் வருவா, அதற்குள் பொரித்து, சாப்பிட்டு, கழுவி, காற்றுப் போக விட்டுவிடலாம் என்றார் அங்கிள். "வீட்டுக்குள்ளதானே வரக்கூடாது. கராஜ் வீடோ? கராஜ் கராஜ்தானே." வீட்டுக்காரரே கேட்கிறார். வாடகைக்கு இருக்கிறவன் என்ன சொல்லுவது. அப்பா தலையாட்டினார். கீழே வந்து அம்மாவிடம் சொன்னார். அக்கா கண்டால் நாங்கள் இந்த வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டியதுதான், பெடியனின் பள்ளிக்கூடமும் போச்சு என்று மட்டும் அம்மா சொன்னா.  

வான்கோழி, ஐஸ் உருகாமல் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியில், காஸ் ஸ்டேஷனில் வாங்கிய ஐஸ் நடுவே, கராஜ் மூலையில் கிடந்தது. இங்கேதான் முதல் பிழை. அதை ஃப்ரிட்ஜில் வைத்துத்தான் உறைநிலை கலைக்க வேண்டும். பெரிய பறவைக்கு நாலைந்து நாள் பிடிக்கும். வெளித்தசையை அமத்திப் பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது. வயிற்றுக்குள் கை விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே ஒரு துண்டு ஐஸ் இருந்தாலும் பொரிக்கக்கூடாது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் அன்ரியின் கூரைக்குக் கீழேதானே இருந்தது. அதற்குள் வைக்க அப்பாவுக்குத் துணிவு வரவில்லை. இது நடந்து ஓரிரண்டு வருடத்துக்குப் பிறகு நான் இதைப் பற்றி நூலகத்தில் தேடித்தேடி வாசித்தேன். அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

திங்கட்கிழமை அன்ரி மஞ்சள் கரை போட்ட சேலையுடன் வந்தா. தங்கச்சிக்குப் பட்டுப்பாவாடை கட்டி, தன்னுடனே கூட்டிப்போக வேண்டும் என்று முதல்நாளே கேட்டிருந்தா. மேற்படியிலேயே நின்று, ஏன் முகம் ஒருமாதிரி இருக்கு என்று அம்மாவைக் கேட்டா. தலையிடி என்றா அம்மா. குசினிக்குள் போய்க் குளிசை எடுத்து வந்து கொடுத்துவிட்டுத்தான் அன்ரி காரில் ஏறினா. கார் திரும்பி மறைந்ததும் அங்கிள் கைகளைத் தேய்த்தார். அம்மா அந்தக் குளிசையைக் கையில் பொத்திக்கொண்டே நின்றா.

அம்மாவும் விரதம்தான். சமைக்க மாட்டேன், தொட்டுச் சாப்பிடவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டா. ஆனால் கழுவாமல் இறைச்சி எண்ணெய்க்குள் போவதை அவவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எங்கள் வீடுகளில் இது உங்களுக்குத் தெரியும். மஞ்சளும் தேசிக்காய்ப் புளியும் போட்டு மூன்று தண்ணீரில் அலசாத இறைச்சி இறைச்சியே இல்லை. அதிலும் இது பெட்டிக்குள் ஐஸ் தண்ணீரில் ஊறிக்கிடந்தது. பெரிய பேசினில் மஞ்சள் தண்ணீர் கலக்கி, வான்கோழியை அதில் இருத்தி, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல உள்ளும் புறமும் கழுவினா. பிறகு அப்படியே தூக்கி அங்கிளிடம் கொடுத்தா. அதன் வயிற்றிலிருந்து மஞ்சள் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கறிக்கு வெட்டுவதானால் அதில் ஒரு குறையும் இல்லை. எண்ணெய்க்கு அது எமன். உங்கள் அம்மாமார் கழுவித்தான் தருவேன் என்று நின்றால், முதல்நாளே கழுவட்டும். பிறகு ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்து உலர விடுங்கள். பொரிக்கிற நேரம் காகிதத் துவாயால் உள்ளும் புறமும், செட்டைக்குக் கீழும், கழுத்து மடிப்புக்குள்ளும் ஒற்றுங்கள். துவாய் ஈரமில்லாமல் வரும் மட்டும் ஒற்றுங்கள். ஊறுவதற்கு ஏதும் போட விரும்பினால் உலர்ந்த தூளாகப் போடுங்கள். தயிர் கலந்து அப்பிவிட்டு வராதேயுங்கோ.

அங்கிள் எண்ணெய் ஊற்றினார். வடைச்சட்டியில் எண்ணெய் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் அல்லவா, அந்தக் கணக்கு. வான்கோழி இறங்கினால் எண்ணெய் எவ்வளவு ஏறும் என்று அவர் நினைக்கவில்லை. அப்பா மட்டும் மெல்ல, நிரம்ப ஊற்றிப்போட்டம்போல கிடக்கு அண்ணை, என்றார்.

"தம்பி, வடை பொரிக்கத் தெரிஞ்சவனுக்கு இது கொஞ்சம் பெரிய வடை. நீர் பேசாமல் அந்தக் கொழுக்கியைப் பிடியும்."

வான்கோழியைத் தொங்கவிட்டு இறக்குகிற கம்பிக் கொழுக்கியை அப்பா பிடித்தார். அளவு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. எண்ணெய் ஊற்றுவதற்கு முதல் வான்கோழியை வெறும் பானைக்குள் இறக்கி, அது மூடும் மட்டும் தண்ணீர் விட்டு, பறவையை வெளியே எடுத்து, தண்ணீர் நிற்கிற இடத்தில் அடையாளம் வைப்பது. எண்ணெய் அந்த அடையாளம் வரைக்கும்தான். பிறகு பானையைத் துடைத்துக் காயவைக்க வேண்டும். இதை நான் முதன்முதல் செய்தபோது, அங்கிள் ஊற்றியது எவ்வளவு அதிகம் என்று பார்த்து, பானையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

அடுப்பு கராஜுக்கு நடுவில். புரோபேன் சிலிண்டர் அதற்குப் பக்கத்தில். பானையோடு வந்த வெப்பமானி பிளாஸ்ரிக் உறை பிரிக்காமல் தட்டில் கிடந்தது. எண்ணெய் சூடாகிவிட்டதா என்று அங்கிள் ஒரு கறிவேப்பிலை போட்டுப் பார்த்தார். அது சடசடத்துச் சுருண்டது. இன்னும் கொஞ்சம் ஏறட்டும், பெரிய ஆள் இறங்கப் போறார் என்று சொல்லி நெருப்பைக் கூட்டினார். எண்ணெயின் மேல் மெல்லிய புகை ஒன்று ஓடத் தொடங்கியது. எண்ணெய் புகைக்கிறதென்றால் எரியத் தயாராகிறது என்று பொருள். அடுப்பை அணைத்து ஆறவிட வேண்டும். அங்கிளுக்கு அது பொரிக்கிற பதம்.

அப்போது தெருவில் ஒரு கார் போனது. பக்கத்து வீட்டு அக்காவின் கார். அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். மணம் தெருவுக்குப் போனால், அந்த அக்கா அன்ரிக்குப் போன் போட்டுவிடுவா. கராஜ் கதவை மின்சாரப் பொத்தானால் இறக்கினால் சத்தம் என்று, சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை மோட்டரிலிருந்து கழற்றி, கையாலேயே மெல்ல இறக்கினார். நிலத்துக்கும் கதவுக்கும் இடையில் ஒரு குழந்தை தவழ்ந்து போகக்கூடிய இடைவெளி விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அந்த இடைவெளியடியில் குப்புறப் படுத்துக்கொண்டு தெருவைப் பார்க்கச் சொன்னார். அன்ரியின் கார் திரும்பினால் உடனே சொல்ல வேண்டும்.

அம்மா, வேண்டாம், அவன் கீழே போகட்டும் என்றா. நான்தான் நிற்கிறேன் என்றேன். எனக்கு அது விளையாட்டு இல்லை. அன்ரியின் காரை முதலில் கண்டால் எங்கள் வீட்டைக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். சீமெந்துத் தரை குளிர்ந்தது. உள்வாசலால் வந்ததால் காலில் சொக்ஸ் மட்டும். தெருவில் மேப்பிள் இலைகள் உதிர்ந்துகொண்டிருந்தன. முதுகுக்குப் பின்னால் அடுப்பு எரியும் சத்தம், கனமான ஒரு இரைச்சல். புகை இறங்கிக் கண் எரியத் தொடங்கியது.

வான்கோழியை இறக்குகிறபோது அடுப்பை அணைத்துவிட வேண்டும். எவ்வளவு அவசரமென்றாலும். இறக்கி முடித்து, பொங்கல் அடங்கின பிறகுதான் திரும்பப் பற்றவைப்பது. இது ஒன்றைச் செய்திருந்தாலும் நான் இன்று இதை எழுதியிருக்க மாட்டேன். அங்கிளும் அப்பாவும் கொழுக்கியின் இரண்டு பக்கமும் பிடித்து, கீழே நெருப்பு நின்று எரிய, வான்கோழியை இறக்கினார்கள்.

நான் திரும்பிப் பார்த்தது அந்தச் சத்தத்துக்குத்தான். பானை உறுமியது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் நுரை பானையின் கழுத்துக்கு மேலே எழும்பி நாலு பக்கமும் வழிந்தது. அப்பாவின் கை கொழுக்கியை விட்டது. வான்கோழி தொப்பென்று உள்ளே விழ, இன்னும் ஒரு குடம் எண்ணெய் வெளியே வந்து அடுப்பில் கொட்டியது. பிறகு பானை முழுதும் நெருப்பாக நின்றது, முகடு வரைக்கும்.

எங்கள் கராஜ்களின் தரை தண்ணீர் வடிய வாசல் பக்கம் சரித்துக் கட்டியிருக்கும், கவனித்திருக்கிறீர்களா? நான் அன்றுதான் கவனித்தேன். கொட்டிய எண்ணெய் எரிந்துகொண்டே வாசலை நோக்கி வந்தது. வாசலடியில் நான் படுத்திருந்தேன்.

"உருளடா, வெளியில உருள்!"

அது அம்மா. கதவுக்குக் கீழால் உருண்டேன். ட்ரைவ்வேயில் போய் விழுந்து, அந்த இடைவெளிக்குள்ளால் உள்ளே பார்த்தேன். கால்கள்தான் தெரிந்தன. அங்கிளின் கால்கள் பேசினுக்கு ஓடின. மஞ்சள் தண்ணீர் நிறைந்த அந்தப் பேசின். அவர் அதைத் தூக்கினார். அம்மாவின் கால்கள் குறுக்கே வந்தன. பேசின் கீழே விழுந்து தண்ணீர் அம்மாவின் சேலையில் ஊற்றுண்டது. அம்மா சொன்னது எனக்கு வெளியே கேட்டது. கத்தவில்லை, கெஞ்சுவது போலச் சொன்னா: "அண்ணை, எண்ணெய் நெருப்புக்குத் தண்ணி காட்டாதேங்கோ. வீடே போயிரும்."

அப்பா சிலிண்டரிடம் போனார். அதன் திறப்பு நெருப்புக்கு அந்தப் பக்கம். வலது கையை நெருப்புக்குள்ளால் விட்டு அவர் அதைத் திருகி மூடினதை நான் பார்க்கவில்லை. அம்மா பிறகு சொன்னா. அந்த முழங்கைத் தழும்பில் இன்றைக்கும் மயிர் முளைப்பதில்லை. அம்மா அலுமினிய மூடியை விளக்குமாற்றுத் தடியால் தள்ளித்தள்ளிப் பானையின் மேல் ஏற்றினா. பானை நெருப்பு அடங்கியது. தரை நெருப்பு அடங்கவில்லை. கோயிலுக்கென்று அடுக்கி வைத்திருந்த பிளாஸ்ரிக் பூமாலைகளில் பிடித்து, கதவின் உட்பக்கத்தில் குளிருக்கு ஒட்டியிருந்த மெத்தையில் ஏறி, கறுப்பாகப் புகையத் தொடங்கியது. அப்பா இடது கையால் கதவை நிமிர்த்தித் தூக்க, மூன்று பேரும் வெளியே வந்தார்கள். இருமல் ஓயவில்லை.

பயங்கரமான பகுதி இதுதான் என்று நினைப்பீர்கள். எனக்கு அதற்குப் பிறகு வந்ததுதான் பயங்கரம்.

அப்பா இடது கையால் போனை எடுத்தார். அங்கிள் அந்தக் கையைப் பிடித்தார். கராஜுக்குள் கறுப்புப் புகை சுருண்டுகொண்டிருக்கிறது, அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"தம்பி, கொஞ்சம் பொறும். தானா அடங்கும். ஃபயர்காரங்கள் வந்தாங்கள் எண்டால் கீழ இறங்கிப் பாப்பாங்கள். கண்டால் நீங்கள் இண்டைக்கே வெளியில. யோசியும்."

அப்பா யோசித்தார். என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார், சொக்ஸ் ஒன்றின் நுனி கருகியிருந்தது. நாங்கள் எல்லாரும் அந்த முற்றத்தில் அசையாமல் நின்றோம். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கதவின் ரப்பர் விளிம்பு உருகிச் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் என் மேசையின் மூலையில் ஒட்டியிருந்த என் பெயர் ஞாபகம் வந்தது. ரீச்சர் அழகாக எழுதி, மேலே பிளாஸ்ரிக் ஒட்டியிருந்தா, வருடம் முழுக்கக் கிழியாமலிருக்க.

"போனை அடியுங்கோ" என்றா அம்மா. அவ்வளவுதான்.

அப்பா அடித்தார். தொழிற்சாலை ஆங்கிலத்தில், ஃபயர், கராஜ் ஃபயர் என்று சொன்னார். முகவரி கேட்டார்கள். தெருவின் பெயர் அவர் வாயில் வரவில்லை. இரண்டு தரம் முயன்று, மூன்றாம் தரம் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் போனை வாங்கி, நல்ல ஆங்கிலத்தில், எழுத்தெழுத்தாக, தன் வீட்டு முகவரியைச் சொன்னார்.  அந்த மனிதரை எவ்வளவு ஏசினாலும், அதை நான் மறக்கவில்லை.

வந்தார்கள். அணைத்தார்கள். வீட்டுச்சுவர் உட்புறம் கருகி, புகை படியால் இறங்கி பேஸ்மென்டையும் நிரப்பியிருந்தது. தீயணைப்புக்காரர்களில் மூத்தவர், உள்ளே யாரும் இருக்கிறார்களா, இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நானும் மனைவியும் மட்டும், இவர்கள் விருந்துக்கு வந்த சொந்தக்காரர் என்றார் அங்கிள். அப்பா நிலத்தைப் பார்த்தார். அந்த மூத்தவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினவர், என்னைக் கண்டு குந்தியிருந்தார். குளிருதே தம்பி, உன்னுடைய சப்பாத்து எங்கே என்று கேட்டார். நல்ல மனிதர். குளிருதென்றுதான் கேட்டார்.  எனக்குப் பொய் சொல்லவும் தெரியவில்லை, உண்மை சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும்.

அப்பா சொன்னார். வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "டவுன்ஸ்ரெயர்ஸ். ஹிஸ் ஷூ டவுன்ஸ்ரெயர்ஸ். வீ லிவ் டவுன்ஸ்ரெயர்ஸ், சேர். ஃபோர் பீப்பிள்" என்றார்.

அங்கிள் கண்ணை மூடினார். மூத்தவர் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்து, நகரசபையிலிருந்து ஆள் வரும் என்றார். அப்பாவை அம்புலன்சில் ஏறச் சொன்னார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னார் அப்பா. அன்ரியின் முகத்தைப் பார்க்காமல் போனால் ஒளித்து ஓடினது போலாகும் என்று அம்மாவிடம் சொன்னார்.

அன்ரி தெருமுனையில் காரை விட்டுவிட்டு நடந்து வந்தா. ஒரு கையில் தங்கச்சி, மறுகையில் அவல் டப்பா. பானையை ட்ரைவ்வேயில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கரிக்கட்டையான இரண்டு கால்கள் அதற்குள்ளிருந்து வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. ஒளிக்க இனி எதுவும் இல்லை. அங்கிள் ஏதோ தொடங்கினார். அப்பா முந்திவிட்டார்.

"அக்கா, பிழை என்ர. டேர்க்கி நான் கொண்டு வந்தது. அண்ணையில ஒண்டும் இல்லை."

அன்ரி அதைக் கேட்டது போலவே தெரியவில்லை. பானையைப் பார்த்தா, அப்பாவின் கையைப் பார்த்தா, பிறகு என் காலைப் பார்த்தா. "பெடியன் எங்க நிண்டவன்?" என்று கேட்டா. 

"கதவடியில படுத்திருந்தனான் அன்ரி," என்றேன். "நீங்கள் வாறியளோ எண்டு பாக்க."

"என்னையோ?"

அவ அங்கிளின் பக்கம் திரும்பினா. "கண்டிருந்தால் நான் என்ன செய்திருப்பன்? ஏசியிருப்பன். வீட்டைக் கழுவித் தோய்ஞ்சிருப்பன். அதுக்கோ இந்தப் பிள்ளையையும் உள்ளுக்கு வைச்சுக்கொண்டு கதவை இறக்கினீங்கள்?"

 எங்கள் நாலு பேருக்கும் பயம் இருந்தது உண்மை. ஆனால் நாங்கள் பயந்த அந்த அன்ரியை நாங்களே உருவாக்கி வைத்திருந்தோம். எண்ணெய்க்கு ஒருவரும் பயப்படவில்லை.

நகரசபைக்காரர் அந்தக் கிழமையே வந்தார். வெளியே ஏறிப் போகக்கூடிய ஜன்னல் இல்லாமல் கீழே யாரும் படுக்கக்கூடாது. ஜன்னல் வெட்டி, புகை மணிகள் பூட்டி, பெர்மிட் எடுக்க வேண்டும், இல்லையென்றால் குடியிருக்கிற ஆட்களை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஆட்களை எழுப்புவதுதான் மலிவு என்றார் அங்கிள். வாடகைக்குக் கொடுத்ததைக் காப்புறுதிக்காரருக்குச் சொல்லாததால், அவர்களிடம் ஒரு சதம் பெயராது. அப்பா மருந்துக்கட்டுக் கையோடு தொழிற்சாலைக்குப் போய், வெறும் மட்டைப் பெட்டிகள் கொண்டுவந்து அடுக்கினார். என் புத்தகங்களை நானே ஒரு பெட்டிக்குள் வைத்தேன்.

அப்போதுதான் அன்ரி கீழே இறங்கி வந்தா. நாங்கள் குடிவந்த பிறகு அவ அந்தப் படியால் இறங்கினதே இல்லை. குடியிருக்கிற இடத்துக்குள் போய் எட்டிப்பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைப்பவ. என் கட்டிலடியில் நின்று மேலே அந்தக் கண்ணாடியைப் பார்த்தா. ஏறி அதால் வெளியே போய்க் காட்டு என்று என்னிடம் சொன்னா. கட்டிலில் ஏறினேன், பெட்டி மேல் ஏறினேன். கண்ணாடி அசையவில்லை, திறந்தாலும் என் தலைகூட நுழையாது. அன்ரி என்னை இறக்கிவிட்டு, படியில் நின்ற அங்கிளைத் திரும்பிப் பார்த்தா.

"வெட்டுங்கோ" என்றா.

அங்கிள் செலவைச் சொல்லத் தொடங்கினார். பாதி நான் தாறன் அண்ணை, மெல்ல மெல்லத் தாறன் என்றார் அப்பா. வேலை முடிகிற வரைக்கும் நாங்கள் மேலே அவர்களுடைய வரவேற்பறையில் படுத்தோம். நான் அதே பள்ளிக்கூடத்தில், அதே மேசையில், அந்த வருடத்தை முடித்தேன். பிறகு எட்டாம் வகுப்பு வரைக்கும் அங்கேயே படித்தேன்.

இப்போது நான் பொரிக்கிறபோது அடுப்பு பின்வளவின் நடுவில், வெறும் நிலத்தில், வீட்டிலிருந்தும் வேலியிலிருந்தும் தள்ளி நிற்கும். வெப்பமானி எண்ணெய்க்குள் இருக்கும். முழங்கை வரைக்கும் கையுறை, கைக்கெட்டும் தூரத்தில் எண்ணெய் நெருப்புக்கான அணைப்பான், பக்கத்தில் மூடி. பிள்ளைகள் வீட்டுக்குள். எண்ணெய் முழுக்க ஆறும் மட்டும் பானையை அசைக்கவும் மாட்டேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள், ஏதோ ஒப்பரேஷன் செய்கிறாய் என்று. சிரிக்கட்டும்.

சும்மா கிடைத்த அந்த வான்கோழிக்கு வந்த செலவு இது: ஜன்னலுக்கு வெட்டியது, கராஜ் கதவு, கருகிய சுவர், பெர்மிட், அப்பா வேலைக்குப் போகாத கிழமைகளின் சம்பளம். எல்லாம் சேர்த்து இரண்டு குடும்பத்துக்குமாகப் பதினாலாயிரத்து இருநூறு டொலர்.